உடைக்க முதல் ஒரு மரவேலைக்காரனையும் கேளுங்கோ

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன கிழமை உங்கட பேப்பரில வெளிநாட்டுச் செய்திப் பக்கத்தில, பழைய மர ரோலர் கோஸ்டர் (பூங்காவில சனம் வண்டியில ஏறி மேடு பள்ளமா ஓடுற விளையாட்டு) ஒண்டையும் அதுக்கு முன்னால இருக்கிற முத்தவெளியையும் பெரிய காசு செலவழிச்சுத் திருத்தினம் எண்டு ஒரு துண்டுச் செய்தி போட்டிருந்தீங்கள். அதுக்கு இந்தக் கிழமை ஒரு வாசகர் எழுதியிருக்கிறார், உக்கின மரத்துக்கு உவ்வளவு காசைக் கொட்டுறதுக்கு இரும்பில புதுசா ஒண்டை அடிச்சிட்டுப் போகலாமே, எங்கட கடற்கரைப் பூங்காவுக்கும் அதுதான் சரி, எல்லாத்தையும் புடுங்கிப் போட்டுப் புதுசாக் கட்டோணும் எண்டு. அவரோட சண்டை பிடிக்க வரேல்ல. ஆனா நான் திருகோணமலை உவர்மலையில பட்டறை வச்சிருக்கிற மரவேலைக்காரன், மரத்தைப் பற்றி ஒராள் அப்பிடிச் சொல்ல வாயைப் பொத்திக்கொண்டு இருக்க ஏலுமா, சொல்லுங்கோ.

முதல் விசயம், மர ரோலர் கோஸ்டர் எண்டா அந்தக் காலத்தில அடிச்ச மரம் அப்பிடியே இண்டு வரைக்கும் நிக்குது எண்டு நினைக்கக் கூடாது. அதின்ர பாதை ஒரே கட்டையில செய்யிறதில்லை, பலகைக்கு மேல பலகையா அடுக்கி, மூட்டு ஒண்டுக்கு மேல ஒண்டு வராம மாறி மாறி வச்சு அடிச்சு, மேலால சில்லு ஓட ஒரு தட்டை இரும்புப் பட்டியைப் போடுவினம். குளிர் நாடுகளில மாரிக்குப் பூட்டிற நேரம் ஒரு துண்டைக் கழட்டி மாத்துவினம், அடுத்த வருசம் வேற துண்டு. கரையில மர வள்ளம் இருந்த காலத்தில எங்கட ஓடாவிமார் பலகை மாத்தின மாதிரித்தான், வள்ளம் அதே வள்ளம், பலகை வேற. நூறு வருசப் பழசு எண்டு போர்ட் போட்டிருக்கும், சனம் ஏறி ஓடுற பலகை ரெண்டு மூண்டு வருசத்துக்கு முன்னம் அடிச்சதா இருக்கும்.

மரம் எங்க உக்கும் எண்டு தெரிஞ்சவனுக்கு இது பயமான விசயமே இல்லை. நடுக்கட்டை லேசில போகாது. போல்ட் ஓட்டைக்குள்ள தண்ணி இறங்கும், அங்கதான் தொடங்கும், பிறகு ரெண்டு கட்டை சேருற மூட்டில, பிறகு அந்த இரும்புப் பட்டிக்குக் கீழ. கடலுக்குப் பக்கத்தில எண்டா உப்புக்காத்து வேற, ஆணி கறள் பிடிச்சு ஊதி மரத்தை உள்ளுக்கால வெடிக்க வைக்கும். வெளியில பெயின்ட் பளபள எண்டு இருக்கும், சுத்தியலால தட்டினா நல்ல கட்டை கணீர் எண்டு கேக்கும், உக்கினது பொத்து பொத்து எண்டு கேக்கும். பிறகு ஒரு ஸ்க்ரூட்ரைவரால குத்திப் பாத்தா முடிஞ்சுது. இந்த மாதிரிக் கோஸ்டர்களில காலமை கேற்றைத் திறக்க முதல் ஆக்கள் அந்தப் பாதையால நடந்து போய் நட்டு இறுக்கிப் பாக்கிறது வழக்கம். அந்தாள்தான் முக்கியம், பெரிய திட்ட அறிக்கையும் கலர் படமும் பிறகு.

எங்கட சனம் கனபேர் மெல்பேர்ணில இருக்கினம், என்ர மகளும் அங்கதான், அதால சென்ற் கில்டா கடற்கரையில இருக்கிற லூனா பார்க் எண்ட விளையாட்டுப் பூங்காவைப் பாத்திருக்கிறன். பெரிய சந்திர மூஞ்சி ஒண்டு வாயைத் திறந்துகொண்டு நிக்கும், அந்த வாய்க்குள்ளாலதான் உள்ள போகோணும். அங்க இருக்கிற மரக் கோஸ்டரைச் சீனிக் ரெயில்வே எண்டு சொல்லுவினம், 1912இல பார்க் திறந்தபோதே ஓடத் தொடங்கினது, விடாம ஓடிக்கொண்டு வாறதில உலகத்திலயே ஆகப் பழசு அதுதான் எண்டு கணக்கு. வண்டி பாதையை விட்டு எழும்பாமல் கீழால பிடிக்கிற சில்லுக்கு ஜோன் மில்லர் எண்டவர் பேற்றன்ட் எடுத்தது 1919இல, இது அதுக்கு முந்தின சாமான், அதால இண்டைக்கும் வண்டிக்கு நடுவில ஒரு ஆள் நிண்டுகொண்டு பிரேக்கைப் பிடிச்சுக்கொண்டு வாறார். டென்மார்க்கில இருக்கிறவை கோபன்ஹேகன் திவோலிப் பூங்காவுக்குப் போனாலும் 1914ஆம் ஆண்டுச் சாமான் ஒண்டு இதே மாதிரி பிரேக்காரனோட ஓடுது.

இப்ப அந்த வாசகர் கேக்க வேண்டிய பகுதி. அதே லூனா பார்க்கில பிக் டிப்பர் எண்டு இன்னொரு கோஸ்டர் இருந்தது, 1923இல வந்தது. 1989இல அதை உடைச்சினம், ஏன் எண்டா அந்த இடத்தில இன்னும் பெரிசா, புதுசா ஒண்டு வரப் போகுதாம். வரவே இல்லை. உடைச்சது உடைச்சதுதான். அதே நேரம் அமெரிக்காவில சான் டியாகோ கடற்கரையில 1925இல கட்டின ஜயன்ட் டிப்பர் எண்ட மரக் கோஸ்டரை 1976இல மூடினவை, உடைக்கத்தான் யோசிச்சவை, ஊர்ச் சனம் விடேல்ல, இழுபட்டு இழுபட்டு 1990இல திரும்ப ஓட விட்டினம். பதினாலு வருசம் பூட்டிக் கிடந்த மரத்தைத் திருத்தி எடுத்திருக்கினம் எண்டா பாருங்கோவன். மரத்துக்கு நெருப்புப் பயம் இருக்குத்தான், அதை மறைக்கேல்ல, இங்கிலாந்தில மார்கேற் எண்ட கடற்கரை ஊரில 1920ஆம் ஆண்டுக் கோஸ்டருக்கு 2008இல நெருப்பு வச்சிட்டாங்கள், அதையும் கட்டி 2015இல திறந்தவை.

அந்த முத்தவெளிக்கு ஏன் காசு எண்டும் கேட்டிருந்தார். ஐயா, கோஸ்டரில ஏறுறவன் ரெண்டு மூண்டு நிமிசம்தான் மேல இருப்பான். மிச்ச நேரம் முழுக்க கீழதான், அவனோட வந்த அம்மம்மா பாக்கையும் செருப்பையும் பிடிச்சுக்கொண்டு கீழதான் நிக்கப் போறா. அவவுக்கு இருக்க ஒரு வாங்கு, நிழல், கக்கூஸ், குடிக்கத் தண்ணி இல்லை எண்டா அந்தக் குடும்பம் அரை மணித்தியாலத்தில வெளிக்கிட்டிடும், பிறகு கோஸ்டருக்கு ஆக்கள் வரேல்ல எண்டு அழுது என்ன பிரயோசனம்.

எங்கட டச்சு பே பக்கம் பின்னேரம் போய்ப் பாருங்கோ. ரிக்கற் வாங்கவும் ஒண்டும் இல்லை, ஆனா சனம் வருது, கச்சான்காரர், இஸ்ஸோ வடை வண்டி, ஐஸ்கிரீம் வான், கோணேசருக்குப் போய்ட்டு வாற பஸ் ஆக்கள், எல்லாத்துக்கும் நடுவில கோட்டைப் பக்கத்து மான் வந்து நிண்டு ஷொப்பிங் பாக்கை மெல்லுது. ஆனா மூண்டு மணிக்கு அங்க ஒரு குருவி இல்லை. நிழல் இல்லாட்டி ஆர் வருவினம்? அழகுபடுத்துறம் எண்டு எங்க போனாலும் மரத்தைத் தறிச்சுப்போட்டு இன்டர்லொக் கல்லைப் பதிச்சு விடுறாங்கள், மத்தியானம் அதில வெறுங்காலோட நிண்டு பாத்தவங்கள் அதைப் போட மாட்டாங்கள். பிறகு ஈச்சை மாதிரி ஒரு அழகு மரத்தை நடுவாங்கள், அதின்ர நிழல் அதுக்கே காணாது. வேம்பு, பூவரசு, வாகை நடுறதுக்கு என்ன வருத்தம் எண்டு எனக்கு விளங்கேல்ல, உப்புக்காத்துக்கு நிண்டு பிடிக்கிற பூவரசு எங்கட கரையிலயே இருக்குது.

சின்னப் பிள்ளையள் விளையாடுற சாமானும் அப்பிடித்தான். ஊஞ்சல் கட்டின தூண் நல்ல திடமா நிக்குது, சங்கிலியில கொழுவிற வளையம்தான் தேஞ்சு பாதியாப் போச்சு. அதை மாத்த ஒரு மெக்கானிக் ஒரு நாள் காணும். அதைச் செய்யாம விட்டு, அறுந்த பிறகு முழு ஊஞ்சலையும் வெட்டி இரும்புக்கு வித்துப்போட்டு, புதுசு வருது எண்டு சொன்னா, மெல்பேர்ண் பிக் டிப்பர் கதைதான் எனக்கு ஞாபகம் வருது.

இன்னொண்டு, வேலை எப்ப செய்யிறது எண்டதையும் ஆராவது யோசிக்கோணும். அங்க மாரிக்குப் பூட்டித் திருத்தினம் எண்டு பாத்து இஞ்சயும் ஆக்கள் வராத கார்த்திகை மார்கழியில தொடங்கினா மழைதான் மிச்சம், ஈர மரத்துக்கும் கறள் இரும்புக்கும் மேல அடிச்ச பெயின்ட் வைகாசிக்கு முதல் தோல் உரிஞ்சு விழும். எங்கட சீசன் வைகாசி தொடக்கம் புரட்டாதி மட்டும். அப்ப மழை விட்ட பிறகு மாசி பங்குனி ரெண்டு மாசம்தான் சரியான நேரம். அதுக்குச் சாமான் ஓடர் பண்ணுறது முதலே நடக்கோணும், கல்வனைஸ் போல்ட்டும் நல்ல காஞ்ச மரமும் இண்டைக்குக் கேட்டு நாளைக்குக் கிடைக்காது, பச்சை மரத்தைக் கொண்டந்து அடிச்சா ஆறு மாசத்தில முறுகும்.

பொறுப்பான ஆக்கள் உங்கட பேப்பரை வாசிக்கிறவை எண்டு நம்பி ஒண்டு கேக்கிறன். திறப்பு விழாக் கல்வெட்டுக்கு ஒதுக்கிற காசில ஒரு ஆளைச் சம்பளத்துக்கு வையுங்கோ, கையில ஸ்பானர், சுத்தியல், கிறீஸ் டின், ஒரு கொப்பி. ஒவ்வொரு நாளும் சுத்திப் பாத்து எழுதட்டும். சித்திரை லீவுக்கு முதல் அந்தச் சங்கிலி வளையங்களையாவது மாத்தினா எங்கட பேரப்பிள்ளையளை நம்பி விடலாம்.

இப்படிக்கு,
மரவேலை செய்யும் வாசகன்,
உவர்மலை, திருகோணமலை.