பழியை ஞாபக சக்தியின் மேல் போடாதே

அன்புள்ள கௌரி,

உன் கடிதம் கிடைத்தது. இங்கு எல்லோரும் நலம். பாலனுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. நான் பதில் போடாததற்காக நீ திட்டி எழுதியிருந்த பத்தியை அவனே இரண்டாம் முறை வாங்கிப் படித்துச் சிரித்தான்.

உன் கடிதத்தின் கடைசிப் பக்கம்தான் என்னை உடனே எழுத உட்கார வைத்தது. உன் மாலை வகுப்பில் படித்த பெண்மணி, "எனக்கு ஞாபக சக்தி கிடையாது, ஆங்கிலம் எனக்கு வராது" என்று சொல்லிவிட்டு நின்றுபோனதாக எழுதியிருந்தாய். அவருடைய ஞாபக சக்தியில் ஒரு குறையும் இல்லை, கௌரி. நீ அனுப்பிய சொற்பட்டியலை வரி விடாமல் படித்தேன். உன் உழைப்பு ஒவ்வொரு பக்கத்திலும் தெரிகிறது. கையெழுத்தும் விடுதிக் காலத்தில் இருந்ததுபோலவே முத்து முத்தாக இருக்கிறது. ஆனால் அந்தப் பட்டியலை அப்படியே மனப்பாடம் செய்யச் சொன்னால், அவருக்கு மட்டுமல்ல, உனக்கும் எனக்கும்கூட மறந்துதான் போகும்.

வரிசையிலிருந்தே தொடங்குகிறேன். உடல் உறுப்புகளை ஒரு நாளிலும், நிறங்களை மறுநாளிலும், எதிர்ச்சொற்களை ஜோடி ஜோடியாக அதற்கடுத்த நாளிலும் வைத்திருக்கிறாய். பாடநூல்கள் பலவும் இப்படித்தான் செய்கின்றன. பார்ப்பதற்கு ஒழுங்காகவும் இருக்கிறது. ஆனால் புதிதாகக் கற்கும்போது ஒரே இனத்துச் சொற்கள் ஒன்றின் இடத்தில் இன்னொன்று புகுந்துகொள்கின்றன. 1993இல் தாமஸ் டிங்கம் என்பவர் இதைச் சோதித்துப் பார்த்து, பொருளால் நெருங்கிய சொற்களைச் சேர்த்துப் படிப்பது, தொடர்பில்லாத சொற்களைப் படிப்பதைவிடக் கடினமாக இருப்பதைக் காட்டினார். 'லெஃப்ட்', 'ரைட்' இரண்டையும் ஒரே மாலையில் கற்றவர் பல மாதங்களுக்குப் பிறகும் கையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் வழி சொல்கிறார். 'பாரோ', 'லெண்ட்' இரண்டும் அப்படித்தான்: கடன் வாங்குவது எது, கொடுப்பது எது என்று கடைசிவரை தடுமாற்றம். ஒன்று நன்றாக வேரூன்றிய பிறகு அதன் ஜோடியைக் கொண்டுவந்தால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும்.

இதைவிட என்னை வருத்துவது, எந்தச் சொற்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறாய் என்பது. 'பெனவலண்ட்' (கருணையுள்ள), 'ஆப்ஸ்டினேட்' (பிடிவாதமான) எல்லாம் இருக்கின்றன. 'கெட்', 'புட்', 'டேக்', 'கீப்' இல்லை. அவை எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்திருப்பாய். உன் மாணவி வீட்டில் குழாய் ஒழுகுகிறது, சரிசெய்ய வருபவருக்குத் தமிழ் தெரியாது என்று வைத்துக்கொள். 'தி பைப் இஸ் லீக்கிங், கேன் யூ கம் அண்ட் ஹேவ் எ லுக்?' என்று அவர் சொல்ல வேண்டும். 'லீக்' என்பதைத் தமிழ்ப் பேச்சிலேயே தினமும் புழங்கியிருப்பார். அவரை நிறுத்திவிடுவது 'ஹேவ் எ லுக்' என்ற மூன்று குட்டிச் சொற்கள்தான். வந்தவர் 'ஐ ஹேவ் ரன் அவுட் ஆஃப் டேப்' என்றால், ஓடுவதற்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று அவர் திகைத்து நிற்பார். குழாய் மூட்டில் சுற்றும் டேப் தீர்ந்துவிட்டது என்பதே செய்தி.

ஆங்கிலம் கற்பிப்பதில் தேர்ந்த மைக்கேல் வெஸ்ட் 1953இல் வெளியிட்ட பொதுப்பயன் சொற்பட்டியலில் ஏறக்குறைய 2000 தலைச்சொற்கள்தான் (அகராதியில் தனிப் பதிவாக வரும் அடிப்படைச் சொற்கள்) இருந்தன. அந்த அளவுச் சொற்களே அன்றாடப் பேச்சின் மிகப் பெரும் பங்கைத் தாங்கிவிடுகின்றன. நாவலும் செய்தித்தாளும் துணையின்றிப் படிக்க 8000 முதல் 9000 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறந்த வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) வேண்டும் என்று சொற்கற்றல் ஆய்வாளர் பால் நேஷன் 2006இல் கணக்கிட்டார். அது நெடும்பயணம், அதை முதல் மாதமே அவர் தலையில் ஏற்றாதே.

அந்தச் சிறு சொற்களையும் தனித்தனியாகக் கொடுக்காதே. ஒரு சொல்லை அது சேரும் கூட்டத்தைக் கொண்டே அறிய வேண்டும் என்று 1957இல் மொழியியலாளர் ஜே. ஆர். ஃபர்த் எழுதியது நம்மவர்களுக்கு இன்னும் கூடுதலாகப் பொருந்தும். தமிழில் நாம் வேலையும் செய்கிறோம், தவறும் செய்கிறோம். ஆங்கிலத்திலோ வேலைக்கு 'டூ', தவறுக்கு 'மேக்'. மாத்திரையை நாம் சாப்பிடுகிறோம். அவர்கள் 'டேக்' செய்கிறார்கள். 'மேக் எ மிஸ்டேக்' என்று மூன்றையும் ஒரே மூச்சில் வாயில் பழகியவருக்குப் பேசும்போது தேடிக் கோக்கும் வேலை இல்லை. எழுதிக் கொடுத்தால் மட்டும் போதாது, நீயே உரக்கச் சொல்லிக் காட்ட வேண்டும். 'கம்ஃபர்டபிள்' என்று எழுத்துக் கூட்டிப் படித்தவருக்கு, யாரோ 'கம்ஃப்டபிள்' என்று விரைவாகச் சொல்லும்போது அது தெரிந்த சொல்லாகவே காதில் விழாது.

தமிழ்ப் பொருளை வகுப்பில் தடை செய்திருக்கிறாய் என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. அட்டையின் ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் ஆங்கிலத் தொடர் என்று எழுதி, தமிழைப் பார்த்து ஆங்கிலத்தை நினைவிலிருந்து எடுக்கச் சொல். ஆங்கிலத்தைப் பார்த்துப் பொருள் சொல்வது எளிது, ஆனால் பேசுவதற்குத் தேவைப்படுவது மற்ற திசை. நினைவு எவ்வளவு விரைவாகக் கரைகிறது என்பதை உளவியலாளர் எபிங்ஹாஸ் தன்னையே சோதித்து 1885இலேயே எழுதிவிட்டார். மறப்பது இயல்பு, மறக்கத் தொடங்கும் வேளையில் மீண்டும் எடுத்துப் பார்ப்பதுதான் மருந்து. இன்று கற்றதை நாளை, பிறகு நான்கு நாள் கழித்து, பிறகு பத்து நாள் கழித்து என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போகலாம். செபாஸ்டியன் லைட்னர் 1970களில் பரப்பிய, பல அறைகளாகப் பிரித்த அட்டைப்பெட்டி இதற்கென்றே அமைந்தது: சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும், தவறியது முதல் அறைக்குத் திரும்பும். "மறுபடியும் பெட்டியா!" என்று நீ அலறுவது இங்கே கேட்கிறது. ஆமாம், பெட்டியேதான்.

நாளொன்றுக்கு ஐம்பது சொல் என்று நீ வைத்த இலக்கை எட்டோ பத்தோ ஆகக் குறைத்துவிடு. மீதி நேரம் முழுவதும் பழையவற்றுக்குப் போகட்டும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால், அந்தப் பெண்மணியை நேரில் போய்ப் பார், கௌரி. பட்டியல் மாறுகிறது என்று சொல். அவர் ஒரு நாளில் யாரிடமெல்லாம் ஆங்கிலத்தில் பேச வேண்டியிருக்கிறது, எந்த இடத்தில் வாய் நின்றுபோகிறது என்று கேட்டு எழுதிக்கொண்டு வா. அந்தக் குறிப்பை எனக்கு அனுப்பினால், முதல் இரண்டு வாரத்துக்கான தொடர்களை நான் அட்டைகளில் எழுதித் தருகிறேன்.

அன்புடன்,
செல்வி