படத்துக்குக் கீழ அச்சுக்காரங்க பேரையும் போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல பழைய ரோம் சுவர் ஓவியங்கள் பத்தி வந்த கட்டுரைய ரெண்டு தடவை படிச்சேன், ரொம்ப நல்லா எழுதியிருந்தாங்க. ஆனா நடுப்பக்கத்துல போட்ட கலர் படத்துக்குக் கீழ "பண்டைய ரோம் ஓவியம்"னு மட்டும் இருந்துச்சு, அதான் மனசு கேக்கல. நான் பல வருஷம் ஆஃப்செட் பிரஸ்ல மெஷின் ஓட்டினவன், எந்தப் படத்தைப் பாத்தாலும் கண்ணு முதல்ல கோட்டுக்குத்தான் போகும். அது சுவரைப் பிடிச்ச போட்டோ இல்லைங்க, செப்புத்தகட்டுல கோடு போட்டு அச்சடிச்சு அதுக்கு மேல பிரஷ்ஷால கலர் பூசின பிரிண்ட்.

17ஆம் நூற்றாண்டுல ரோம்ல பியெத்ரோ சாந்தி பார்த்தோலின்னு ஒருத்தர், மண்ணுக்கடியில எங்க ஓவியம் கிடைச்சாலும் போய் வரைஞ்சவர். 1674ல ரோம்ல இருந்து வடக்கே போற பழைய ஃபிளமீனியா சாலையோரம் நாசோனிங்கிற ரோமானியக் குடும்பத்தோட கல்லறை கிடைச்சப்பவும் அவர்தான் வரைஞ்சாரு, 1680ல பெல்லோரிங்கிற பழம்பொருள் அறிஞரோட விளக்கத்தோட அது புத்தகமாவே வந்துச்சு, ஆனா கறுப்பு மை மட்டும். கலர்ல தனியா வாட்டர்கலரா போட்டு வெச்சிருந்தாரு. அவரோட அந்த மாதிரி வாட்டர்கலர் கட்டு ஒண்ணு பாரிஸ்ல பழம்பொருள் சேகரிச்ச கேலுஸ் பிரபு கையில சிக்க, அவரும் அச்சுப்படங்கள்ல கெட்டிக்காரரான மாரியெத்தும் சேந்து 1757ல அதைத் தகட்டுல ஏத்தினாங்க. போட்டது வெறும் 30 காப்பி, ஒவ்வொரு காப்பிக்கும் ஒவ்வொரு தாளா உக்காந்து கையால கலர் பூசியிருக்காங்க, நினைச்சுப் பாருங்க! நீங்க போட்ட படம் அந்தப் புத்தகத்துல இருந்து வந்ததுதான்.

இதை ஏன் இவ்வளவு சொல்றேன்னா, நாசோனி கல்லறைச் சுவர்ல இருந்த ஓவியத்துல பல துண்டை வெட்டி எடுத்துட்டாங்க, அதுல சிலது இப்போ பிரிட்டிஷ் மியூசியத்துல மங்கிப்போய் இருக்கு. இப்படி அழிஞ்சதுக்கெல்லாம் பார்த்தோலி வரைஞ்சதுதான் சாட்சி. அதே சமயம் அவர் உடைஞ்ச இடத்தை நிரப்பி, கொஞ்சம் அழகாக்கியும் வரைஞ்சவர். அப்போ நாம பாக்குற சிவப்பு ரோமானியன் தீட்டின சிவப்பா, பார்த்தோலி போட்ட சிவப்பா, பாரிஸ்ல பூசினவர் கலந்த சிவப்பான்னு வாசகருக்குத் தெரிய வேண்டாமா?

இன்னொண்ணு, கட்டுரைக்குள்ள அதையே "கலர் அச்சு"ன்னு எழுதியிருக்கீங்க. அது வேற தொழில்ங்க. நெதர்லாந்துல நைமேகன் ஊர்க்காரர் யோஹன்னெஸ் தெய்லெர், 1688ல அதுக்குத் தனி உரிமையே வாங்கினவர், ஒரே தகட்டுல துணி உருண்டையால இங்க நீலம் அங்க பச்சைன்னு மைய ஒத்தி ஒத்தி ஒரே இழுப்புல அச்சு எடுத்தாரு, ரோம் சிலைகளைக்கூட அப்படி கலர்ல போட்டிருக்காங்க. ஒவ்வொரு தாளுக்கும் தகட்டுக்கு மறுபடி முதல்ல இருந்து மை வைக்கணும், அந்த உழைப்பு எங்களை மாதிரி ஆளுங்களுக்குத்தான் புரியும். கையால பூசினதையும் அதையும் ஒரே பேர்ல சொன்னா ரெண்டு பேருக்குமே அநியாயம்.

அடுத்த பகுதி வரும்போது யார் வரைஞ்சது, யார் தகடு போட்டது, கலர் பூசினதா அச்சடிச்சதான்னு ஒரு வரி போடுங்க. முக்கியமா படத்தோட அடிப்பக்க ஓரத்தை வெட்டாதீங்க, பழைய செப்புத்தகட்டுப் பிரிண்ட்ல பேர் பொடி எழுத்துல பெரும்பாலும் அங்கதான் இருக்கும்.

இப்படிக்கு,
உங்க பழைய வாசகன்