ரோசலிண்டையும் சில்லறையில் சேர்த்துக்கொள்ளுங்கள்: ராயல் மின்டுக்கு ஒரு திறந்த மடல்

வேல்ஸின் லான்ட்ரிசன்டில் இருக்கும் பிரிட்டனின் ராயல் மின்ட் நாணயச்சாலைப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். 2009இல் நீங்கள் வெளியிட்ட டார்வின் 2 பவுண்டு நாணயம் எனக்குக் கடையில் மீதிச் சில்லறையாகத்தான் கிடைத்தது. டார்வினும் சிம்பன்சியும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருக்கும் நாணயம். பால் வாங்கப் போன இடத்தில் பரிணாமம் கைக்கு வந்தது. அதைச் செலவழிக்க என் மகள் விடவே இல்லை.

2017இல் நியூட்டனின் 50 பென்ஸும் அப்படியே புழக்கத்துக்கு வந்தது. அவர் உங்கள் வீட்டு மனிதர். 1699 முதல் 1727இல் இறக்கும்வரை நாணயச்சாலையின் தலைவர். கள்ளநாணயக்காரன் வில்லியம் சலோனரைத் தூக்குமேடை வரை விடாமல் துரத்தியவர். அவருக்கு இடம் கொடுத்தது சரிதான்.

வேதியியலாளர் ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் விஷயத்தில்தான் என் மனக்குறை. அவருடைய நூற்றாண்டான 2020இல் ‘புகைப்படம் 51’ஐ 50 பென்ஸில் பொறித்தீர்கள். 1952இல் அவருடைய மேற்பார்வையில் ரேமண்ட் கோஸ்லிங் எடுத்த எக்ஸ் கதிர்ப் படம் அது. நடுவில் பெருக்கல் குறிபோல் விழுந்த கறுப்புப் புள்ளிகளே டிஎன்ஏ ஒரு திருகுசுருள் என்று காட்டிக்கொடுத்தன. அந்தப் படத்தை ரோசலிண்டுக்குத் தெரியாமலே, டிஎன்ஏவின் வடிவத்தைத் தேடிக்கொண்டிருந்த ஜேம்ஸ் வாட்சனிடம் காட்டினார்கள். ரோசலிண்ட் 1958இல், 37 வயதில் இறந்துபோனார்.

அப்படிப்பட்டவரின் நாணயத்தை அட்டையில் அடைத்து, முகமதிப்பைவிடப் பல மடங்கு விலைக்குச் சேகரிப்பாளர்களுக்கு மட்டும் விற்றீர்கள். ஒன்று என் அலமாரியிலும் இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் 2003இல் டிஎன்ஏவின் இரட்டைச் சுருளுக்கென்று 2 பவுண்டு நாணயம் அடித்தபோது, நாற்பது லட்சத்துக்கு மேல் புழக்கத்தில் விட்டீர்களே! சுருள் ஊரெல்லாம் சுற்றியது. அதைப் படம்பிடித்துக் காட்டியவர் மட்டும் கண்ணாடிக்குப் பின்னால். இயற்பியலாளர் ஹாக்கிங்குக்கும் கணினியியல் முன்னோடி டூரிங்குக்கும் இதே கதிதான் என்றாலும், அவர்களை உலகம் முன்பே அறியும். டூரிங்குக்கு 50 பவுண்டு தாளாவது கிடைத்தது.

ரொக்கப் புழக்கம் குறைந்துவிட்டது, வங்கிகள் கேட்டால்தான் புது நாணயம் அடிக்க முடியும் என்பீர்கள். தெரியும். ஆனாலும் மன்னர் சார்லஸின் தலை பொறித்த சால்மன் மீன் 50 பென்ஸை 2023இல் 2 லட்சம் அடித்துப் புழக்கத்தில் விட்டீர்கள். மீனின் மேல் எனக்குப் பகை இல்லை. அடுத்த முறை 50 பென்ஸுக்குத் தேவை வரும்போது ஒரு பக்கம் மன்னரின் தலையையும் மறுபக்கம் ‘புகைப்படம் 51’ஐயும் வைத்து அதே 2 லட்சம் அடியுங்கள்.

இப்படிக்கு,
சில்லறையை எண்ணுமுன் திருப்பிப் பார்க்கும் ஒருவன்