பதினொரு கோப்பை தேத்தண்ணி: நம் பங்கின் கரோல் குழுவுக்கும் ஒளிவிழாக் குழுவுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள கரோல் குழுத் தம்பி தங்கச்சிமாருக்கும், ஒளிவிழாக் குழு அண்ணாமார் அக்காமாருக்கும்,

கூட்டத்திலேயே எழும்பிச் சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வந்தேன். ஆனால் பூசை முடிந்து நடந்த அந்தக் கூட்டமே மொத்தம் கால் மணித்தியாலம், அதில் பாதி ரீசேர்ட் என்ன நிறம் என்பதிலேயே போய்விட்டது. மிச்ச நேரத்தில் இந்த நத்தாருக்கு ஒரு இரவில் எத்தனை வீட்டில் கரோல் பாடி முடிக்கலாம் என்று கணக்குப் போட்டீர்கள். அந்தக் கணக்கைப் பற்றித்தான் இந்த மடல்.

போன வருடம் நத்தாருக்கு ஆறு நாள் இருக்கும்போது எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். ஞாபகம் இருக்காது, அன்றைக்கு முப்பது வீட்டுக்கு மேல் போனீர்கள். அம்மம்மாவுக்கு எண்பத்துநாலு வயது. ஆறரை மணிக்கே கஞ்சி போட்ட சேலை உடுத்திக்கொண்டு விறாந்தைக் கதிரையில் வந்து இருந்துவிட்டார். "எத்தனை பேர் வருவாங்க பிள்ளை?" என்று நாலு தரம் கேட்டு, கண்ணாடி அலுமாரியில் இருந்த நல்ல கோப்பை எல்லாவற்றையும் எடுப்பித்து, கழுவி, துடைத்து, மேசையில் அடுக்க வைத்தார். பதினொரு கோப்பை. கேக்கைச் சதுரம் சதுரமாக வெட்டி, இஞ்சி தட்டிப் போட்டுப் பால் தேத்தண்ணி ஊற்றி வைத்திருந்தோம்.

ஒன்பதரைக்குப் பட்டா லொறி வந்தது. ஜெனரேட்டர் இரைச்சலுக்குள் ஒன்றரைப் பாட்டு பாடினீர்கள், நத்தார் தாத்தா லொறியில் நின்றபடியே விறாந்தைக்கு டொபி எறிந்தார், ரசீதுப் புத்தகத்தோடு ஒரு தம்பி மட்டும் படியேறி வந்து "அன்ரி, இன்னும் இருபத்திரண்டு வீடு கிடக்கு" என்றான், காசை வாங்கினான், போய்விட்டான். எல்லாம் நாலு நிமிடம். லொறி முடக்கால் திரும்பின பிறகு அம்மம்மா என்னிடம் கேட்டார்: "என்ன பாட்டுப் பாடினவங்க?" காது மந்தம், ஜெனரேட்டர் சத்தத்தில் அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கும் சரியாக விளங்கவில்லைதான். திரும்பி வந்தாலும் வருவீர்கள் என்று ஒவ்வொரு கோப்பையையும் சோசரால் மூடி வைத்தார். விடிய எடுத்துப் பார்த்தால் ஆடை கட்டிக் கிடந்தது. வாழையடியில் ஊற்றினேன்.

உங்களை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. நானும் ஒரு காலம் கரோல் குழுவோடு போனவள்தான், போன நத்தாருக்கு வீட்டில் கேக் அடிக்க நேரமில்லை என்று வாட்ஸ்அப்பில் ஓடர் கொடுத்தவளும் நான்தான். (முந்தி வீட்டிலேயே ரவையும் முந்திரிகையும் சீனியில் ஊறின பூசணியும் போட்டு அடித்து, தட்டைத் தூக்கிக்கொண்டு பேக்கரிக்குப் போவோம், பாண் போட்டு முடித்த பிறகுதான் போறணை கிடைக்கும், அதுவரை அங்கேயே குந்தியிருந்து ஊர்க்கதை எல்லாம் கதைத்து முடிப்போம்.) நாங்கள் கரோல் போனது சோதனைச் சாவடிகள் இருந்த காலம். இருட்டமுதல் வீடு திரும்பவேண்டும், அதனால் பின்னேரம் மூன்று மணிக்கே நடக்கத் தொடங்குவோம், மிஞ்சிப்போனால் ஏழு வீடு. ஒருநாள் உப்புவெளிப் பக்கம் கடற்கரையோர வீடு ஒன்றில் நல்ல மழையில் மாட்டிக்கொண்டோம். வாடைக் காலம், கடலுக்குப் போக வழியில்லை, வள்ளத்தைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு அந்த வீட்டு மாமா சும்மா இருந்தார். நாங்கள் பாடி முடித்ததும், இரண்டாவது வரியைப் பிழையாகப் பாடுகிறீர்கள் என்று சொல்லித் தானே பாடிக் காட்டினார், மழை விடும்வரை எங்களைத் திருப்பித் திருப்பிப் பாட வைத்தார். அந்த வருடம் போன மற்ற வீடு ஒன்றுகூட எனக்கு ஞாபகமில்லை.

சரி, நத்தாரை ஒட்டிப் பிள்ளைகள் பாடி நடிக்கிற ஒளிவிழாவுக்கு வருவோம். முன்பள்ளியில் ஒன்று, பாடசாலையில் ஒன்று, மறைக்கல்வியில் ஒன்று, கந்தோரில் ஒன்று, அப்புறம் பங்கில் அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்த அன்பியங்களில் ஒவ்வொன்று. என் மகள் போன டிசம்பரில் இரண்டு இடத்தில் வானதூதர், ஒரு இடத்தில் ஆடு, மூன்றுக்கும் அதே வெள்ளைச் சட்டை. ஒத்திகை ஒத்திகை என்று அலைந்த பிள்ளை நடுச்சாமப் பூசையில் முதல் வாசகத்துக்கே என் மடியில் நித்திரை. விடிய எழும்பி "அம்மா, பூசைக்கு எப்ப போறது?" என்றாள்.

இதில் எனக்கு ஒரு விசயம் பிடிபடவே இல்லை. திருச்சபை தன் நாட்காட்டியில் நம்மை ஓடச் சொல்லவில்லையே. திருவருகைக் காலம் நாலு ஞாயிறு, நாலு மெழுகுதிரி, வாரத்துக்கு ஒன்றுதான் கொளுத்தலாம். அந்த ஞாயிறுகளில் பூசையில் 'உன்னதங்களிலே' என்ற புகழ்ப்பாட்டைப் பாடுவதில்லை. அதை அடக்கி வைத்திருப்பதே நத்தார் இரவு மணியடித்துப் பாடுவதற்காகத்தான். நாமோ டிசம்பர் முதலாம் திகதியே ஸ்பீக்கர் பெட்டி கட்டிப் பாடத் தொடங்கி, 25ஆம் திகதி மத்தியானத்தோடு தொண்டை கட்டி, அடுத்தநாள் வெளிச்சக்கூட்டைக் கழற்றுகிறோம். கிறிஸ்து பிறப்புக் காலம் தொடங்குவதே நத்தாரோடுதான், ஜனவரியில் ஆண்டவரின் திருமுழுக்கு விழாவரை இருக்கிறது. கரோலில் பாதியை அந்த நாட்களுக்குத் தள்ளினால் யாருக்கு நட்டம்? ஒளிவிழாவைத்தான் ஏன் ஜனவரி முதல் வாரத்தில் எல்லாரும் சேர்ந்து ஒன்றாக வைக்கக்கூடாது?

பக்கத்து வீட்டு அக்கா திருவெம்பாவைக்குப் பத்து நாளும் விடியப்புறம் கோயிலுக்குப் போவார். அதே கோயில், அதே பாட்டு. எத்தனை கோயில் முடித்தீர்கள் என்று அவரிடம் யாரும் கேட்பதில்லை.

காசு வேணுமே என்பீர்கள். கணக்கு வாசித்தபோது நானும் இருந்தேன். லொறி வாடகை, டீசல், சவுண்ட் எல்லாம் கழித்தால் மிச்சம் எவ்வளவு? லொறிக்குக் காசு சேர்ப்பதற்காக லொறியில் போகிறோம், வேறொன்றுமில்லை.

இன்னொன்று. 26ஆம் திகதி காலை ஒன்பது மணிக்குக் கிரிக்கெட் மட்ச் போட்டிருக்கிறீர்கள். உங்களில் முக்கால்வாசிப் பேர் 2004இல் சுனாமி வந்தபோது பிறந்திருக்கவே மாட்டீர்கள், அதனால் இதைக் கோபத்தில் சொல்லவில்லை. இந்தக் கரையில் அன்று காலை கடல் ஆளைக் கொண்டுபோன வீடுகளுக்கு, முதல்நாள் நத்தார்தான் எல்லாரும் ஒன்றாக இருந்து சாப்பிட்ட கடைசி நாள். ஒவ்வொரு வருடமும் அன்றைக்கு 9.25க்கு நாடே இரண்டு நிமிடம் நிற்கிறது. நம் மைதானத்தில் அந்த நேரம் அறிவிப்பாளர் ஸ்கோர் சொல்லிக்கொண்டு நிற்பார். மட்ச்சை வேறு நாளுக்கு மாற்றுங்கள். அந்த வீடுகளும் உங்கள் கரோல் பட்டியலில் இருக்கின்றன, நாலு நிமிடக் கணக்கில்.

எங்கள் வீட்டை இந்த வருடம் இரவுப் பட்டியலில் இருந்து வெட்டிவிடுங்கள். 28ஆம் திகதி பின்னேரம் நாலு மணிக்கு வாருங்கள், கோயிலில் இருந்து நடந்தே வரலாம், மழை என்றால் குடை. ஜெனரேட்டர் வேண்டாம், கதவோரம் நின்று பாடினாலே அம்மம்மாவுக்குக் கேட்கும். என்ன பாட்டு வேணும் என்று கேட்டுப் பார்த்தேன். "தெரிஞ்சதைப் பாடட்டும், ஆனா முழுசாப் பாடட்டும்" என்றார்.

கோப்பை பதினொன்றுதான் இருக்கிறது. கூட ஆள் வருவதென்றால் முதல்நாளே சொல்லுங்கள், பக்கத்து வீட்டு அக்காவிடம் வாங்கி வைக்கிறேன்.

அன்புடன்,
பாடகர் குழுவில் பின்வரிசையில் நின்ற பழைய அக்கா,
திருகோணமலை