கிளிநொச்சியில் காணி தேடும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்புகிற விளம்பரங்களை ஒன்று விடாமல் பார்க்கிறேன். நீ கடை மூடி, சாப்பிட்டு, படுக்கப்போகும் நேரத்தில் உன்னிடமிருந்து ஒன்று வந்துவிடும். வவுனியாவில் அரை ஏக்கர், கிணறும் தென்னையும் உண்டு. பரந்தனில் நாலு பரப்பு, தார் ரோட்டுக்குப் பக்கம். கடைசியாக அனுப்பியதற்குக் கீழே, "அக்கா, ஹட்டன் டவுன்ல ஒரு பேர்ச்சுக்குக் கேக்குற காசுக்கு அங்க ஒரு பரப்பே எடுத்துடலாம்" என்று எழுதியிருந்தாய். போனில் இதைப் பேசி முடிக்க முடியாது. இந்தப் பேச்சு நம் வீட்டோடு நிற்கிறதும் இல்லை. டித்வா புயலுக்குப் பிறகு என் வகுப்புப் பிள்ளைகளே, "டீச்சர், எங்க வீட்ல வன்னிக்குப் போறதப் பத்திப் பேசிக்கிறாங்க" என்கிறார்கள். வன்னி என்றால் நீ பார்க்கிற வவுனியா, கிளிநொச்சிப் பக்கம்தான். அதனால் எல்லோரும் வாசிக்கட்டும் என்று உனக்கு இங்கேயே எழுதுகிறேன்.

உன் கணக்கு சரிதான். ஒரு பரப்பு என்றால் பத்துப் பேர்ச். ஒரே காசுக்குப் பத்து மடங்கு மண். டவுனில் ஒரு பேர்ச் ஐந்து இலட்சம் என்று வைத்துக்கொள். 2024 இல் நிர்ணயித்த 1,350 ரூபா நாட்சம்பளத்தில், அரிசிக்கும் மாவுக்கும் ஒரு சதம்கூட எடுக்காமல், 370 நாள் கொழுந்து பறித்தால்தான் அந்த ஒரு பேர்ச். அதாவது 272 சதுர அடி. அதில் வீடு எழும்பாது. ஆறு பேர்ச்சாவது வேண்டும் என்றால் ஆறு வருஷத்துக்கு மேல் அடுப்பே எரியக்கூடாது. இதைப் போட்டுப் பார்த்த பிறகு நீ இரவில் வன்னிப் பக்கம் காணி தேடுவதை நான் எப்படிக் குறை சொல்வேன்?

இவ்வளவு மலையும் நிலமும் கிடக்கும்போது டவுனில் மட்டும் ஏன் இந்த விலை என்று ஒருமுறை கேட்டாய். கண்ணுக்குத் தெரிகிற நிலத்தில் பெரும்பகுதி சந்தைக்கே வராத நிலம். தேயிலை மலைகளில் பெரும்பாலானவை அரசாங்கத்துடையவை. 1972 இலும் 1975 இலும் காணிச் சீர்திருத்தத்தில் அரசு எடுத்துக்கொண்டது, 1992 இல் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போனது, குத்தகை 53 வருஷம். மிஞ்சுவது டவுனை ஒட்டிய கீற்றும் சில கிராமங்களும் சில தனியார் தோட்டங்களும்தான். ஹட்டனைப் பார், கொட்டகலையைப் பார், தலவாக்கலையைப் பார்: ரோடும் ரயில் பாதையும் போகிற வழியில் ஒட்டிக்கொண்டிருக்கிற ஊர்கள். தோட்டத்து வரிசை வீடான லயத்திலிருந்து எப்படியாவது வெளியே வந்துவிட வேண்டும் என்கிற டீச்சர், கடைக்காரர், சவூதியில் வீட்டுவேலை செய்து காசு அனுப்பிய அம்மா, எல்லோரும் அந்தக் கீற்றின் மேல்தான் விழுகிறார்கள். விலை ஏறாமல் என்ன செய்யும்?

நுவரெலியா கதை வேறு. அங்கே ஏப்ரல் சீசனும் கிரகரி வாவியும் விலையைத் தீர்மானிக்கின்றன. வாங்குகிறவர் அங்கே வாழ வாங்குவதில்லை, ஹோட்டல் போட வாங்குகிறார். எல்ல என்கிற ஊரும் அப்படித்தான் ஆகிவிட்டது. ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்க்க வெள்ளைக்காரர்கள் வரத் தொடங்கியதும் அங்கே காணி விலை ஊர்க்காரனுக்கு எட்டாமல் போனது.

இன்னொன்றும் உண்டு, அதை விளம்பரம் சொல்லாது. மலையில் காணி வாங்குவது பாதி வேலைதான். சரிவில் கட்ட வேண்டுமானால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அனுமதி வேண்டும். அனுமதி கிடைத்தாலும் மண்ணை வெட்டி மட்டம் செய்து, பின்பக்கம் மண் தாங்கும் சுவர் எழுப்ப வேண்டும். லொறி நிற்கிற இடத்திலிருந்து மணலும் கல்லும் சீமெந்தும் ஆள் தோளில் ஏற வேண்டும். எங்கள் பாடசாலையில் ஒரு டீச்சர் அஸ்திவாரத்தோடு நின்றுவிட்டார். சேர்த்த காசு முழுவதையும் அந்தச் சுவரே தின்றுவிட்டது.

மத்திய வங்கி வெளியிடுகிற காணி மதிப்பீட்டுச் சுட்டெண் கொழும்பு மாவட்டத்துக்கானது. நம் பக்கத்து விலை புரோக்கர் வாயிலும் தேத்தண்ணிக் கடை பெஞ்சிலும்தான் இருக்கிறது. அதனால் விளம்பரத்தில் போட்ட தொகையை விலை என்று நம்பாதே. அது கேட்கிற காசு மட்டும்தான்.

இப்போது நான் உண்மையில் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

கொழும்பில் இருக்கிற ஒருவர் ஊர் மாற நினைத்தால் முதலில் என்ன செய்வார்? இருக்கிற வீட்டை என்ன விலைக்கு விற்கலாம் என்று பார்ப்பார். வெள்ளவத்தையில் ஒரு சின்ன வீட்டை விற்றால் வவுனியாவில் பெரிய வீடு கட்டி, மீதியை வங்கியில் போடலாம். ஊருக்கு ஊர் உள்ள விலை வித்தியாசம் அவருக்கு ஒரு வாய்ப்பு. நமக்கு? நாம் பிறந்த லயத்துக் காம்பராவை, அந்த ஒற்றை அறையை எடுத்துக்கொள். பத்தடிக்குப் பன்னிரண்டடி, 120 சதுர அடி, அரைப் பேர்ச்சுக்கும் குறைவு. முன்னால் இஸ்தோப்பு என்கிற திண்ணை. அதில் தாத்தா, அப்பா, நாம் என்று மூன்று தலைமுறை. அதற்கு விலை என்ன? குறைந்த விலைகூட இல்லை, விலையே இல்லை. உறுதி, அதாவது உரிமைப் பத்திரம், இல்லாத இடத்தை யாருக்கு விற்பது? எந்த வங்கி ஈடாக எடுக்கும்? வீட்டில் ஒருவர் தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்கிற வரைக்கும் இருக்கலாம், அவ்வளவுதான். இருநூறு வருஷமாக இந்த மலையில் ஏறி இறங்கிய குடும்பம் ஊர் மாற நினைத்தால் வெறுங்கையோடுதான் இறங்க வேண்டும்.

எனக்குக் கோபம் வருகிற இடம் இது. வன்னியில் காணி மலிவு என்று நீ சந்தோஷப்படும்போது, அந்த மலிவைக்கூட எட்டிப் பிடிக்க நம் கையில் ஒரு துண்டு காகிதம் இல்லையே என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மற்றவர்களுக்கு அரச காணி எப்படிக் கிடைத்தது? 1935 இன் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ், குடியேற்றத் திட்டங்களில், ஏக்கர் கணக்கில். நம் மலையக ஆட்களுக்கு 1948 இல் பிரஜாவுரிமையே போய்விட்டது. அந்த வரிசையில் நிற்கவே இடம் இல்லை. பிறகு 1964 இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் உட்கார்ந்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று பிரித்தார்கள். குடியிருக்கிற இடத்தைப் பற்றி நம்மிடம் யாரும் கேட்டதில்லை.

ஆசை எனக்கும் இருக்கிறது, தம்பி. நான் பார்ப்பது பண்டாரவளைப் பக்கம். குளிரும் அதிகம் இல்லை, வெயிலும் அதிகம் இல்லை. ஹட்டனுக்கு வருகிற அதே ரயில் பாதையில் இருக்கிற ஊர். குசினிக்கு ஒரு ஜன்னல், புகை வெளியே போகிற மாதிரி. சமைக்கிற இடமும் படுக்கிற இடமும் வேறு வேறாக. எல்லாவற்றுக்கும் மேலே, கேட்டில் ஒரு இலக்கம். நம் லயத்துக்கு எப்போதாவது முகவரி இருந்ததா? என் கம்பஸ் கடிதமே தோட்ட ஆபிசுக்குப் போய், அங்கிருந்து யார் யார் கையிலோ மாறி, காலம் தாழ்த்தித்தான் வந்தது. ஒரு இலக்கம், ஒரு ரோட்டுப் பெயர், நம் பெயர். தபால்காரர் நேராக வந்து மணியடிக்க வேண்டும். இரவில் நான் கட்டுகிற வீட்டில் இதைத்தான் முதலில் கட்டுகிறேன்.

ஆனால் வன்னிக்குப் போனவர்கள் நம் குடும்பத்திலேயே இருக்கிறார்கள், அவர்களைக் கேட்காமல் விளம்பரத்தைக் கேட்காதே. பெரியப்பா 1977 கலவரத்துக்குப் பிறகு வவுனியா போய், அங்கிருந்து கிளிநொச்சி போனார். காடு வெட்டினார். அடுத்தவர் வயலில் கூலிக்கு நின்றார். கடைசிப் போரில் எல்லாவற்றையும் விட்டு ஓடி, மெனிக் பாம் முகாமில் இருந்து, திரும்பி வந்து மறுபடி கொட்டில் போட்டார். இன்று அவருக்கு அரை ஏக்கர் இருக்கிறது, மா இருக்கிறது, முருங்கை இருக்கிறது, யாரையும் கேட்காமல் ஒரு அறை கூட்டிக் கட்டலாம். அது பெரிய விஷயம். நம் அப்பா இஸ்தோப்பை அடைத்து ஒரு அறையாக்க ஆபிசில் அனுமதி கேட்டு நின்றதை நீ பார்த்திருக்கிறாய்.

ஆனால் பெரியப்பா கையில் இருப்பது பெர்மிட், அரச காணியில் இருப்பதற்கான அனுமதிப்பத்திரம். உறுதி இல்லை. பெர்மிட் காணியைப் பிரதேச செயலாளரின் சம்மதம் இல்லாமல் விற்கவோ ஈடுவைக்கவோ முடியாது. நீ அனுப்புகிற மலிவுக் காணிகளில் எத்தனை அப்படிப்பட்டவை என்று பார்த்தாயா? "எல்லாம் கிளியர்" என்று போட்டிருப்பார்கள். வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்கிக் காசு கொடுத்துவிட்டுப் பிறகு கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, அலைகிறவர்களைப் பற்றி பெரியப்பாவே நிறையச் சொல்வார். மலிவுக்கு வேறு காரணங்களும் உண்டு. மாசி தாண்டினால் கிணறு என்ன ஆகும்? இரணைமடு வாய்க்கால் தண்ணீர் எந்தக் காணிக்கு வரும், எதற்கு வராது? நிரந்தரமாக மாதச் சம்பளம் தருகிற வேலை எவ்வளவு தூரத்தில்? யாழ்ப்பாணத்தில் நல்லூர்ப் பக்கம் காணி விலை ஏறிக் கிடப்பதற்கு வெளிநாட்டுக் காசும் பழைய உறுதிகளும் காரணம். அந்தக் காசு கிளிநொச்சி உள்பகுதிக்குப் பெரிதாக வரவில்லை. நம் ஆட்கள் அதிகம் இருக்கிற குடியிருப்புகளுக்கு இன்னும் குறைவாகத்தான் வருகிறது.

பயத்தையும் நான் மறைக்கவில்லை. 2014 ஒக்டோபர் 29 காலையில் மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனபோது, இனியாவது பாதுகாப்பான இடம் தருவார்கள் என்று நம்பினோம். 2025 நவம்பர் கடைசியில் டித்வா வந்தபோது நுவரெலியாவிலும் பதுளையிலும் கண்டியிலும் மாத்தளையிலும் மறுபடி மலை இறங்கியது. சிவப்பு எச்சரிக்கை வந்தால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்கோ பாடசாலைக்கோ ஓடுகிற ஒரு தாயிடம் "பொறுமையாக யோசி" என்று சொல்ல எனக்கு வாய் வராது. அபாயம் என்று குறிக்கப்பட்ட லயத்தில் இருப்பவர்கள் போகட்டும், எங்கே பாதுகாப்போ அங்கே போகட்டும். அவர்களுக்கு இடம் கொடுப்பது அரசின் கடமை. அதைச் சந்தை விலைக்கு விட்டுவிட்டு வேடிக்கை பார்க்கக்கூடாது.

நம் தோட்ட டிவிஷன் அந்த அபாயப் பட்டியலில் இல்லை. அதனால் உனக்கு வேறு மாதிரிச் சொல்கிறேன்.

தோட்டக் குடும்பங்களுக்கு ஏழு பேர்ச் காணி தருவார்கள் என்று 2015 இலிருந்து கேட்கிறோம், இப்போது பத்துப் பேர்ச் என்கிறார்கள். 2017 இல் நோர்வூட்டுக்கு மோடி வந்து, முன்பு சொன்ன 4,000 இந்திய வீடுகளோடு இன்னும் 10,000 என்று அறிவித்தபோது நீயும் கூட்டத்தில் நின்றாய். கட்டி முடித்தவை 550 சதுர அடி வீடுகள், நன்றாகத்தான் இருக்கின்றன. அம்மாவின் சிநேகிதி ஒருவர் அதில் இருக்கிறார், தனிக் கக்கூசும் தனிக் குசினியும் வந்ததைச் சொல்லிச் சொல்லி மாளவில்லை அவருக்கு. ஆனால் வீடு கிடைத்த எல்லோருக்கும் உறுதி கிடைக்கவில்லை. சிலர் இன்னும் ஒரு சான்றிதழை நெகிழிப் பையில் சுற்றி வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். அந்த வீட்டுக்கும் சந்தையில் விலை கிடையாது.

நம் பெயரும் வீட்டுப் பட்டியலில் இருக்கிறது. இன்று நீ கிளிநொச்சிப் பக்கம் பதிவை மாற்றி, அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய்விட்டால், இங்கே நமக்குச் சேர வேண்டியதை நாமே விட்டுக்கொடுத்த மாதிரி ஆகும். தாத்தாவுக்கும் அப்பாவுக்கும் கொடுக்காமல் வைத்த மண் அது. அதை விடுவதற்கு எனக்கு மனம் இல்லை. காகிதம் கையில் வரட்டும். பிறகு விற்பதா, வாடகைக்கு விடுவதா, தங்கச்சிக்குக் கொடுப்பதா என்று நாம் பேசி முடிவெடுக்கலாம். அன்றைக்கு விலை வித்தியாசம் நமக்கும் ஒரு வாய்ப்பு ஆகும்.

அதற்காக உன்னைக் காணி வாங்காதே என்று சொல்லவில்லை. வாங்கு. உன் சேமிப்பு, உன் உழைப்பு. ஆனால் பெர்மிட்டில் இரண்டு ஏக்கர் என்பதைவிட உறுதியில் இரண்டு பரப்பு போதும் எனக்கு. முற்பணம் கொடுக்குமுன் உறுதி எழுதுகிற நொத்தாரிசிடம் காட்டி, காணிப் பதிவகத்தில் பழைய பதிவுகளைத் தேடச் சொல். நில அளவையாளர் போட்ட பிளானைக் கேள், எல்லைக் கல்லை நேரில் நடந்து பார். பக்கத்துக் காணிக்காரரிடம் பேசு. கிணறு எத்தனை அடி, ஆவணி மாதம் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று அவரிடம்தான் கேட்க வேண்டும், விற்கிறவரிடம் கேட்காதே.

தைப்பொங்கலுக்குப் பெரியப்பா வீட்டுக்குப் போவதாகச் சொன்னாய். ஒருநாள் கூடுதலாக நின்று அந்தப் பரந்தன் காணியைப் பார்த்துவிட்டு வா. நல்ல உறுதி என்றால் என் பங்குக்குச் சேமிப்பிலிருந்து நானும் தருகிறேன். ஒரே நிபந்தனை: உறுதி எழுதும்போது உன் பெயரோடு அம்மாவின் பெயரும் இருக்க வேண்டும். அவர் பெயர் இதுவரைக்கும் தோட்டத்து வேலைப் பதிவேடான செக்ரோலில் மட்டும்தான் எழுதப்பட்டிருக்கிறது. அம்மாவின் அடையாள அட்டைப் பிரதியைத் தபாலில் அனுப்புகிறேன்.

அன்புடன்,
அக்கா