பிச்சாவரம் முதல் காரங்காடு வரை: வழித்துணையாக வந்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

தை மாத இறுதியில் கோயம்புத்தூரிலிருந்து காரில் புறப்பட்டு, பிச்சாவரத்தில் கடலோரத்தைத் தொட்டு, தரங்கம்பாடி, வேதாரண்யம், கோடியக்கரை, முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் வழியாகக் காரங்காடு வரை சென்று திரும்பிய தம்பதியர் நாங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையை வரைபடம் காட்டிவிடும். அச்சாலையிலிருந்து கடல் பக்கம் பிரியும் தடங்களில் எது வண்டியைத் தாங்கும், எது சேற்றில் இழுத்துவிடும், ஓதம் எப்போது ஏறும், எப்போது வடியும் என்பவையெல்லாம் அந்த ஊர்க்காரர்கள் சொன்னால்தான் உண்டு. அதைச் சொல்லித் தந்தவர்களுக்காகவே இம்மடலை எழுதுகிறோம்.

பிச்சாவரத்தில் துடுப்புப் படகோட்டிய பெரியவருக்கு முதல் வணக்கம். சுரபுன்னை மரங்களின் வேர்கள் கூரைபோல் வளைந்து நின்ற கால்வாய்க்குள் படகு நுழைந்தபோது, கரையோரக் கிளை ஒன்றைப் பிடிக்கப் போன என் மனைவியின் கையை அவர் சட்டென்று தடுத்தார். அது தில்லை மரம். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்த மரத்தை அவர் தயவால்தான் நேரில் அறிந்துகொண்டோம். தரங்கம்பாடியில், 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டையின் எதிரே, உச்சி வெயிலில் எங்களை அழைத்து நிழலில் உட்காரவைத்து மோர் கொடுத்த அம்மாவுக்கும் நன்றி.

வேதாரண்யத்தைத் தாண்டி, 1930-இல் ராஜாஜி தலைமையில் உப்பெடுத்த அகத்தியம்பள்ளியை ஒட்டிய சாலையில் எங்கள் காரின் பின்சக்கரம் பஞ்சரானது. இரு புறமும் உப்பளம். சாலையோர மண்ணோ ஈரம் ஊறியது. ஜாக்கியை வைத்துத் தூக்கத் தூக்க, கார் எழாமல் ஜாக்கிதான் மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. பாத்தி சீர்செய்துகொண்டிருந்த பெண்கள் மூவர், கூப்பிடாமலே வரப்பேறி வந்து, தடித்த பலகைத் துண்டு ஒன்றை ஜாக்கியின் அடியில் செருகி, "இப்ப தூக்குங்கண்ணே" என்றார்கள். கார் எழுந்தது. உப்பு அரித்து வெடித்திருந்த அவர்களுடைய உள்ளங்கால்களைப் பார்த்தபின் வெறும் நன்றி என்று சொல்ல நாக்கூசியது. பணம் கொடுக்க முயன்றோம், மறுத்துவிட்டார்கள்.

கோடியக்கரையில் எங்களுடன் வந்த வேட்டைத் தடுப்புக் காவலர் தம்பிக்கு நாங்கள் பட்ட கடன் பெரிது. பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2002 முதல் உள்ள அந்த ஈரநிலத்தில் பூநாரைகளை இன்னும் அருகில் சென்று பார்க்க வேண்டும் என்று நான் நச்சரித்தபோது அவர் மென்மையாக மறுத்தார். நெருங்கினால் கூட்டம் முழுவதும் எழுந்து பறக்கும், மேய வேண்டிய நேரமும் தின்று சேர்த்த தெம்பும் வீணாகும் என்பது அவர் சொன்ன காரணம். அங்கேயே நின்று அவருடைய தொலைநோக்கி வழியாகப் பார்த்தோம்: தலைகீழாகக் கவிழ்த்த அலகால் ஆழமற்ற நீரை அரித்து உண்ணும் அழகு அவ்வளவு தூரத்திலிருந்தும் தெளிவாகத் தெரிந்தது. புல்வெளியில் முறுக்குக் கொம்புடன் நின்ற ஆண் வெளிமானையும் அவரே காட்டினார்.

முத்துப்பேட்டைப் படகுக்காரர் அண்ணனைப் பற்றித் தனியாகவே ஒரு மடல் எழுதலாம். நீர் குறைந்த இடத்தில் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கழியூன்றித் தள்ளியபடி, 2018 நவம்பரில் கஜா புயல் முறித்துப்போட்ட அலையாத்திக் காட்டையும், ஓதநீர் உள்ளே சென்று திரும்புவதற்காக மீன்முள் வடிவில் வெட்டிய வாய்க்கால்களில் கன்றுகள் தழைப்பதையும் அவர் விவரித்தார். அலையாத்தி இலை ஒன்றைக் கிள்ளி, நாக்கில் வைத்துப் பார்க்கச் சொன்னார், உப்புக் கரித்தது. வேர் உறிஞ்சும் உப்பை அம்மரம் இலை வழியாக வெளியேற்றிவிடுகிறதாம். பள்ளிக்கூடத்தில் இப்படிப் பாடம் நடத்தியிருந்தால் நானும் தாவரவியல் படித்திருப்பேன்.

முன்பதிவு செய்திருந்த விடுதி ஒன்று இரவு ஒன்பது மணிக்கு அறை இல்லை என்று கைவிரித்தபோது, அதிராம்பட்டினத்தில் தம் வீட்டு மாடியறையைத் திறந்துவிட்டு, இடியாப்பமும் மீன் ஆணமும் பரிமாறிய உம்மாவுக்கும் அவர் பிள்ளைகளுக்கும் எங்கள் நன்றி உரியது. காரங்காட்டில் நண்டுக் குழம்பு சமைத்துப் போட்ட மகளிருக்கும், துடுப்பு பிடிக்கக் கற்றுத் தந்த மீனவ இளைஞர்களுக்கும் அவ்வாறே.

படகில் எடுத்த படங்களைக் கேட்டிருந்தீர்கள், முத்துப்பேட்டை அண்ணே. அச்சிட்டு, கடைத்தெரு முகவரிக்கே தபாலில் அனுப்பியிருக்கிறோம். உப்பளத்துச் சகோதரிகளின் முகவரி எங்களிடம் இல்லை. அவர்களை அறிந்தவர் எவரேனும் இதைப் படித்தால், தயவுசெய்து அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

நன்றியுடன்,
கோயம்புத்தூர்த் தம்பதியர்