குப்பைக்குப் போகும் கணினிகள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

எங்கள் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) குப்பைத் தொட்டி ஓரமாகச் சென்ற மாதம் மட்டும் மூன்று மேசைக் கணினிகள் மழையில் நனைந்துகொண்டு கிடந்தன. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மூடியைக் கழற்றிப் பார்த்தேன். மூன்றிலும் கோப்புகளைச் சேமிக்கும் ஹார்ட் டிஸ்க் உள்ளேயே இருந்தது. யாருடைய அடையாள அட்டை நகலும் சம்பளச் சீட்டும் அதில் இருக்கின்றனவோ! அது தனிக் கதை. ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி (சிப்பில் சேமிக்கும் வேகமான வகை) மாட்டி, இவற்றில் ஒன்றையாவது பிழைக்க வைத்திருக்கலாமே என்ற ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

நான் கணினி படித்தவன் அல்ல. தோட்ட ஆபீசில் 31 ஆண்டுகள் கிராணியாக (எழுத்தராக) இருந்து செக்ரோல் எனும் தொழிலாளர் வருகை, சம்பளப் பதிவேடு எழுதியவன். இப்போது கோவில் கணக்கு என் பொறுப்பு. 2018-இல் மகளின் படிப்புக்காகப் பிரபல கம்பெனியின் ரெடிமேட் கணினி ஒன்றை வாங்கினோம். மூளையாகிய பிராசசர் இண்டெல் ஐ3 எட்டாம் தலைமுறை, 4 ஜிபி ரேம் (தற்காலிக நினைவகம்), 1 டிபி (சுமார் 1,000 ஜிபி) ஹார்ட் டிஸ்க். போகப் போக அது படுத்துவிட்டது. பொத்தானை அழுத்திவிட்டுப் போய்க் கோப்பி கலக்கி, குடித்து, கிளாஸைக் கழுவி வைத்துவிட்டு வந்தாலும் திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். மூடியைக்கூடத் திறக்காமல், "அங்கிள், இது முடிஞ்சிடுச்சு, புதுசு வாங்கிடுங்க" என்று 2,300 மலேசிய வெள்ளிக்கு (ரிங்கிட்) விலை எழுதிக் கொடுத்தார்கள்.

போலிடெக்னிக்கில் படிக்கும் பேரன் அந்தச் சீட்டைப் பார்த்துச் சிரித்தான். "தாத்தா, மூளை நல்லாத்தான் இருக்கு, அலமாரிதான் பழசு" என்றான். மூளை என்றது பிராசசரை, அலமாரி என்றது ஹார்ட் டிஸ்க்கை. ஹார்ட் டிஸ்க்குக்குள் ஒரு தட்டு நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றுகிறது. வேண்டிய இடம் ஊசி முனைக்குக் கீழே வரும்வரை ஒவ்வொரு கோப்புக்கும் காத்திருக்க வேண்டும். விண்டோஸ் எழும்போது இப்படி ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளைத் தேடுகிறது. எஸ்எஸ்டியில் சுற்றும் தட்டும் இல்லை, நகரும் ஊசியும் இல்லை. என் புத்திக்கு எட்டியது இதுதான்: ஒரு கிராணி ஒவ்வொரு தாளுக்கும் எழுந்துபோய் ஸ்டோரைத் திறக்கிறார், இன்னொருவர் எல்லாத் தாளையும் மேசைமேல் விரித்து வைத்திருக்கிறார்.

500 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றும் கூடுதலாக 4 ஜிபி ரேமும் வாங்கினோம். இரண்டும் சேர்ந்து 200 வெள்ளிக்குள் முடிந்தது. வாங்கிய பிறகுதான் மூடியைத் திறந்தோம். அங்கேதான் தப்பு செய்தோம். ரெடிமேட் கணினியில் கம்பெனிக்காரன் தன் கணக்குக்கு எத்தனை வயர் வேண்டுமோ அத்தனைதான் வைத்திருக்கிறான். எங்களுடையது ஒல்லிப் பெட்டி. மின்சார வயரில் இரண்டே முனைகள், ஒன்று ஹார்ட் டிஸ்க்குக்கு, இன்னொன்று டிவிடிக்கு. டிவிடியின் முனையைக் கழற்றி எஸ்எஸ்டியில் மாட்டலாம் என்று பார்த்தால், அது குட்டையான வேறு முனை. சேரவே இல்லை. எஸ்எஸ்டி பெட்டிக்குள் கேபிளும் வரவில்லை, திருகாணியும் வரவில்லை. ஒரு முனையை இரண்டாகப் பிரிக்கும் வயரும் தகவல் போகும் ஒரு சாட்டா கேபிளும் தபாலில் வர ஐந்து நாள் காத்திருந்தோம். எஸ்எஸ்டியை உட்காரவைக்கத் தனி இடமும் இல்லை. அசையும் உறுப்பு எதுவும் இல்லாத லேசான பொருள்தானே என்று இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டிவிட்டோம். இன்றுவரை அசையவில்லை.

பக்கத்து வீட்டு ஆசிரியை பட்ட பாடு வேறு. சூயிங்கம் பட்டை போல இருக்கும் எம்.2 எஸ்எஸ்டியை வாங்கி வந்தார். அதில் கணினியோடு பேசும் முறையைப் பொறுத்து சாட்டா, என்விஎம்இ என்று இரண்டு வகை உண்டு. அவருடைய கணினியின் துளை சாட்டாவை மட்டும் ஏற்கும், அவர் கையில் இருந்ததோ மற்றது. மாட்டினால் பொருந்துகிறது, கணினிதான் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. இதே ஆசிரியையிடம் முன்பு ஒரு கடையில் 'விண்டோஸுக்குத் தனிக் காசு' என்று வேறு வாங்கியிருக்கிறார்கள். விண்டோஸோடு விற்கப்படும் இப்போதைய ரெடிமேட் கணினிகளில் பொதுவாக அதன் சாவி (உரிம எண்) மதர்போர்டு எனும் உள்ளிருக்கும் முதன்மைப் பலகையிலேயே பதிந்திருக்கும். அதே பதிப்பைப் புதிதாக ஏற்றினாலும் தானாகவே எடுத்துக்கொள்ளும்.

கோவில் கணக்கை முதலில் வெளியே ஒரு டிஸ்க்கில் நகல் எடுத்தோம். 1 டிபியில் 180 ஜிபிதான் நிரம்பியிருந்ததால், இருந்ததை இருந்தபடியே புதியதற்கு குளோன் செய்ய முடிந்தது. பழையதை ஒரு மாதம் அழிக்காமல் வைத்திருந்தேன். பேரன் வேண்டாம் என்றான், கிராணிப் புத்தி கேட்கவில்லை. முன்பு கைக்கடிகாரத்தில் பார்த்தபோது கணினி எழ நான்கு நிமிடத்துக்கு மேல் ஆனது. இப்போது 19 விநாடி. கோப்பி கலக்க நேரமே இல்லை என்று வீட்டில் கேலி.

2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்றதும் பலர் கணினியைத் தூக்கிப் போடுகிறார்கள். எஸ்எஸ்டி போட்டால் அந்தப் பிரச்சினை தீராது, ஒத்துக்கொள்கிறேன். விண்டோஸ் 11-க்குப் பொதுவாக இண்டெல் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், டிபிஎம் 2.0 எனும் பாதுகாப்புச் சிப்பு வசதியும் வேண்டும். என்னுடையதில் இரண்டும் இருந்தன, இலவசமாகவே மாறிவிட்டது. குப்பையில் கிடந்த மூன்றில் ஒன்றின் நெற்றியிலும் எட்டாம் தலைமுறை ஸ்டிக்கர்தான் ஒட்டியிருந்தது.

ஆலய நிர்வாகங்களும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் மொத்தமாகப் புதுக் கணினி வாங்கத் தீர்மானம் போடுவதற்கு முன், யாரையாவது மூடியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் ஊர்க்காரர்கள் ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் கோவில் ஆபீசுக்கு வரலாம். நானும் பேரனும் இருப்போம், காசு வேண்டாம். எஸ்எஸ்டியை மட்டும் நாங்கள் பார்த்த பிறகு வாங்குங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் தோட்டக் கிராணி,
பெஸ்தாரி ஜெயா (எங்களுக்கு இன்னும் பழைய பெயரான பத்தாங் பெர்ஜுந்தைதான்), சிலாங்கூர்.